பூட்டிய கதவும் திரும்பி வரும் தபாலும்

கேள்வி: மண்டபம் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் ஏ.பி.பி.எம். (உதவிக் கிளை அஞ்சலகத் தலைவர்) வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. சொந்த ஊர் கமுதிப் பக்கம். ஸ்பீடு போஸ்ட்டும் பார்சலுமாகப் பத்து எடுத்துப் போனால் நாலைந்து திரும்பி வருகிறது. எப்போது போனாலும் வீடு பூட்டியிருக்கிறது. "பக்கத்து வீட்டுல குடுத்துட்டு நீயே ஒரு கையெழுத்தப் போட்டு முடிம்மா, எல்லாரும் அப்படித்தான்" என்கிறார்கள். ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஆதார் கைரேகை வைத்து வங்கிப் பணம் எடுத்துக் கொடுக்கும் கருவியில் பாட்டிமார்களுக்குக் கைரேகை விழவே மாட்டேன் என்கிறது. பணம் வராவிட்டால் என்னைத்தான் திட்டுகிறார்கள். ஸ்கூட்டர் வாரம் ஒருமுறை பஞ்சர். இந்த வேலையில் நான் நிலைப்பேனா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடிதத்தின் நடுவில் இருக்கும் கையெழுத்து விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை எல்லாம் பழகப் பழகச் சரியாகும். இது ஒன்றுதான் வேலையையே பறித்துவிடும். வேறொருவர் கையெழுத்தை நீங்கள் போடக் கூடாது; அவர்களே "போட்டுக்கம்மா" என்று சொன்னாலும் கூடாது. புகார் என்று ஒன்று வந்தால், முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தக் கையெழுத்தையும் கருவியில் பதிவான நேரத்தையும்தான். யோசனை சொன்ன ஒருவரும் அன்றைக்குப் பக்கத்தில் நிற்க மாட்டார்.

உறைக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். உங்கள் பக்கம் படகு உரிமையாளர், ஐஸ் கம்பெனி, மீன் வியாபாரி என்று காசோலைப் புழக்கம் அதிகம். காசோலை திரும்பிவிட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவில் வக்கீல் நோட்டீஸ் வரும். அதைப் பெற்ற நாளிலிருந்து 15 நாளுக்குள் பணம் கட்டினால் வழக்கு இல்லை. அந்த 15 நாள், கொடுத்ததாக நீங்கள் பதிவு செய்யும் தேதியிலிருந்து ஓடத் தொடங்குகிறது. பக்கத்து வீட்டில் கொடுத்த உறை அலமாரி மேலேயே கிடந்து, கடலுக்குப் போனவர் கைக்கு இருபது நாள் கழித்துப் போனால், அவருக்குத் தெரியாமலே கெடு முடிந்திருக்கும். நகைக்கடன் ஏல அறிவிப்பும் அப்படித்தான். இந்தக் கடற்கரையில் வலைக்கும் இன்ஜினுக்கும் நகை அடகு வைக்காத வீடு குறைவு என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

திருப்பி அனுப்பும்போது எழுதும் குறிப்பிலும் அதே கவனம் வேண்டும். "கதவு பூட்டியிருந்தது", "வாங்க மறுத்தார்", "விலாசத்தில் இல்லை, வெளியூர் போய்விட்டார்", "விலாசம் போதவில்லை", "இறந்துவிட்டார்" என ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருள் உண்டு. ஒழுங்காக விலாசம் எழுதி, கட்டணம் கட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பியது சேர்ந்ததாகவே கொள்ளலாம் என்று 1897ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம் 27ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே "மறுத்தார்" என்று நீங்கள் எழுதினால், அவர் வாங்கிப் படித்ததற்குச் சமமாகவே நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ளக்கூடும். அவர் வாயால் மறுத்தால் மட்டும் அதை எழுதுங்கள். "அப்புறம் வாம்மா" என்பதோ, வீட்டுப் பெண்கள் "எங்களுக்குத் தெரியாது" என்பதோ மறுப்பு ஆகாது. மறுப்பவரிடம் வாங்கச் சொல்லிக் கெஞ்சவும் வேண்டாம், உள்ளே என்ன இருக்கும் என்று ஊகம் சொல்லவும் வேண்டாம். குறிப்பு, தேதி, உங்கள் சுருக்கொப்பம் மூன்றையும் அந்த வாசலில் நின்றே எழுதிவிடுங்கள். ஆபீசுக்குத் திரும்பி வந்து மொத்தமாக உட்கார்ந்து எழுதும் பழக்கத்தில்தான் எல்லா உறைக்கும் "கதவு பூட்டியிருந்தது" என்று ஒரே வரி விழுகிறது.

சரி, யாரிடம் கொடுக்கலாம்? 2025இல் பதிவுத் தபால் தனிச் சேவையாக இல்லாமல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்தது. 2025 அக்டோபர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட்டுக்கு மேல் 5 ரூபாயும் வரியும் கட்டினால் "பதிவு" என்ற கூடுதல் வசதி கிடைக்கும். அதே கட்டணத்தில் ஓடிபி சொன்னால் மட்டும் கொடுக்கும் வசதியும் உண்டு. இதில் உங்களுக்கு வேண்டிய வேறுபாடு ஒன்றே. வெறும் ஸ்பீடு போஸ்ட் விலாசத்துக்குரியது. அந்த வீட்டில் இருக்கும் பெரியவர் கையெழுத்துப் போட்டு வாங்கலாம். பதிவு சேர்த்தது ஆளுக்குரியது. அவர் வாங்க வேண்டும், இல்லையென்றால் அவர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தவர் வாங்க வேண்டும். பையை எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு உறையிலும் இந்தப் பதிவு இருக்கிறதா என்று பார்த்து, இருப்பதை வேறு கட்டாக வையுங்கள். வாசலில் நின்று பார்த்தால் அவசரத்தில் தவறும். நாலைந்து திரும்பி வருகிறது என்கிறீர்களே, அதில் சில வீட்டில் யாரிடமாவது கொடுத்திருக்கக்கூடிய சாதாரண ஸ்பீடு போஸ்ட்டாக இருக்க வாய்ப்பு உண்டு. பயந்துபோய் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவருவதும் புதியவர்களிடம் இருக்கும் வழக்கம்தான்.

கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை மாதிரி ஊர்களில் குடும்பத் தலைவர் வளைகுடாவில் இருப்பார்; தபால் அவர் பெயருக்கு வரும். அவர் விடுப்பில் ஊருக்கு வரும்போது, தன் பெயருக்கு வரும் பதிவுத் தபாலை இன்னார் வாங்கலாம் என்று மனைவி பெயரையோ அப்பா பெயரையோ குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, கையெழுத்திட்டு, அஞ்சலகத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். வாங்குபவர் கையெழுத்து மாதிரியும் அதில் இருக்கட்டும். கடிதத்தை பி.பி.எம். (கிளை அஞ்சலகத் தலைவர்) கோப்பில் வைக்க வேண்டும். உங்கள் பையில் மடித்து வைத்துக்கொண்டு அலையாதீர்கள். பாஸ்போர்ட்டுக்கு மட்டும் இது செல்லாது. பெயருக்குரியவர் நேரில் வந்து, புகைப்படம் உள்ள அடையாள அட்டையைக் காட்டி வாங்க வேண்டும். "விசா வந்திருச்சு, நாளைக்கு ஃபிளைட்டு, அவன் சென்னையில இருக்கான், குடும்மா" என்று அழுவார்கள். மனசு கரைந்தாலும் கை நீளக் கூடாது. விதித்த நாள்கள்வரை அஞ்சலகத்தில் வைத்திருக்க முடியும் என்று சொல்லுங்கள். அவர் பஸ் ஏறி வந்துவிடுவார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் இடது பெருவிரல் ரேகை, பக்கத்தில் எழுதத் தெரிந்த உள்ளூர் சாட்சி ஒருவரின் கையெழுத்து. அந்தச் சாட்சி நீங்களாகவோ அஞ்சலகத்தில் வேலை செய்யும் வேறு ஒருவராகவோ இருக்கக் கூடாது.

இப்போது பூட்டிய கதவுக்கு வருவோம். கமுதிக்காரரான உங்களுக்கு மழையையும் விதைப்பையும் வைத்து ஊர் எப்போது வீட்டில் இருக்கும் என்று கணக்குப் போடத் தெரியும். இங்கே அந்தக் கணக்கு நிலாவிலும் காற்றிலும் இருக்கிறது. கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் காலையிலேயே போய்விடுவார்கள், மதியத்துக்குமேல்தான் திரும்புவார்கள். அந்த நாள்களில் பதினொரு மணிக்கு அந்தத் தெருவுக்குப் போவது வீண். மற்ற நாள்களில் அதே பெண்கள் காலையில் வீட்டில் இருப்பார்கள். ஒரு தினசரிக் காலண்டரை ஆபீஸ் சுவரில் மாட்டி, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முன்பின் நாள்களில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். பாசி வளர்ப்பில் இருப்பவர்கள் கரையிலேயே உட்கார்ந்து கயிற்றில் விதைப்பாசி கட்டிக்கொண்டிருப்பார்கள். ஆளைத் தெரிந்தால் உறையை அங்கேயே கொடுக்கலாம். பார்சலைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டாம். ஈரக் கையால் வாங்கி மணலில் வைப்பார்கள், அப்புறம் பெட்டி நனைந்து வந்தது என்று புகார் உங்கள் மேல் வரும்.

விசைப்படகு தினமும் போவதில்லை. எந்தெந்தக் கிழமை போகிறது, எப்போது கரை திரும்புகிறது என்பது கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும் இடத்தில் நிற்கும் எவருக்கும் தெரியும். காற்று எச்சரிக்கை வந்தால் அன்றைக்கு எல்லாரும் கரையில்தான். நாட்டுப்படகுக்காரர்களும் வத்தை என்னும் சிறு படகுக்காரர்களும் இராத்திரி போய் விடியலில் வருகிறார்கள். வந்து மீனைப் போட்டுவிட்டு முற்பகல் முழுக்கத் தூங்குவார்கள். பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் உள்ளே ஆள் இருந்தாலும் திறக்காது, நீங்கள் பூட்டு என்று எழுதிவிட்டு வருவீர்கள். சாயங்காலம் மூன்று, நான்கு மணிக்கு வலை பின்னும் கொட்டகையில் அத்தனை பேரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் ஊரில் இருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பவர் போக, பலர் கேரளப் பக்கம் வேலைக்குப் போய்விடுவார்கள். போவதற்குமுன் தொலைபேசி எண்ணை வாங்கி வையுங்கள். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் தெருக்களைப் பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஜும்மாவுக்குப் பிறகு சாப்பாடு, அதன்பின் தூக்கம். ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று ராமேஸ்வரம் சாலையில் வண்டி நகராது. பை வரவே தாமதமாகும், அன்றைக்கு உங்கள் நேரமும் தள்ளித்தான் போகும்.

உங்கள் பணி நேரம் நாலைந்து மணி நேரம்தான் என்பதால் காலையும் மாலையுமாக இரண்டு நடை போக முடியாது என்று தோன்றும். முழு பீட்டையும் (தபால் கொடுக்கும் சுற்றையும்) இரண்டு முறை சுற்ற வேண்டியதில்லை. பீட் வரிசையை மாற்றுவதே போதும்: பாசி நாளில் அந்தத் தெருவைக் கடைசியில் வையுங்கள், மற்ற நாளில் முதலில். ஆனால் இதை நீங்களாகச் செய்யாதீர்கள். பீட் வரிசை ஆபீஸ் பதிவில் இருக்கிறது. பை வரும் நேரம், திரும்ப அனுப்பும் நேரம் இரண்டும் அதோடு கட்டப்பட்டவை. பி.பி.எம்.மிடம் சொல்லி, கிளை அஞ்சலகங்களைப் பார்வையிடும் மெயில் ஓவர்சியர் வரும்போது எழுத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

அப்படியும் கதவு பூட்டியிருந்தால், அறிவிப்புச் சீட்டு ஒன்றைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வர வேண்டும். கடற்கரைக் காற்றில் வெறும் சீட்டு ஆகாது; பூட்டின் வளையத்தில் சுருட்டிச் செருகுங்கள், அல்லது ரப்பர் பேண்டு போடுங்கள். அதில் உருப்படி எண், அஞ்சலகம் திறந்திருக்கும் நேரம், பொதுவாக ஏழு நாள் வைத்திருப்பீர்கள் என்பது எல்லாம் தமிழில் இருக்கட்டும். ஏழு நாளில் ஒருநாளாவது வேறு நேரத்தில் போய்ப் பாருங்கள். ஏழு நாளும் பதினொன்றரைக்கே போனால், ஏழு நாளும் அதே பூட்டைத்தான் பார்ப்பீர்கள்.

ஓடிபி உருப்படி தனித் தலைவலி. எண் கணவர் பெயரில் இருக்கும். கைபேசி அவரோடு கடலில் இருக்கும். கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் போய்விடும். ஆபீசை விட்டுக் கிளம்பும் முன் அந்த எண்ணுக்கு ஒரு அழைப்பு போடுங்கள். எடுத்தால் எப்போது வீட்டில் இருப்பார் என்று கேளுங்கள். எடுக்காவிட்டால் அன்றைக்குப் பை எடையாவது குறையும். அழைப்பில் ஓடிபி கேட்கவே கேட்காதீர்கள்; உருப்படியை அவர் கையில் பார்த்த பிறகு அவர் படித்துச் சொல்ல வேண்டும். நீங்கள் ஒருநாள் தொலைபேசியில் கேட்டுவிட்டால், நாளைக்கு "தபால் ஆபீஸ்ல இருந்து பேசுறேன்" என்று வரும் மோசடிக்காரனையும் ஊர் நம்பிவிடும்.

பெயர்க் குழப்பத்துக்கு ஒரு நோட்டுதான் மருந்து. ராமேஸ்வரம் தீவிலும் மண்டபத்திலும் நம்புராஜன், முனியசாமி, சேது, அந்தோணி, சந்தியாகு. பட்டினங்களில் செய்யது, முகம்மது, அதன் பின்னால் மரைக்காயர் அல்லது லெப்பை. தலைப்பெழுத்தும் சில நேரம் ஒன்றாகவே இருக்கும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தில் மூன்று பெரியப்பா, சித்தப்பா மகன்களுக்கும் ஒரே பெயர் விழுகிறது. தெரு வரிசையில் ஒவ்வொரு வீட்டுக்கும் அரைப் பக்கம் ஒதுக்கி, பழைய கதவு எண், புதிய கதவு எண், வீட்டுப் பட்டப்பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், தொழில், எப்போது வீட்டில் இருப்பார் என்று எழுதுங்கள். படகுப் பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். ஊரில் ஆளைவிடப் படகுதான் எளிதில் அகப்படும். உறையில் த/பெ இல்லாமல் வந்த பெயரை மூன்று வீட்டில் காட்டி "உங்களுக்கா பாருங்க" என்று கேட்கக் கூடாது. அனுப்பியவர் பெயரைப் பார்த்தாலே ஒருவருடைய கடன் மற்ற இருவருக்குத் தெரிந்துவிடும். "எந்த பேங்க்ல கணக்கு இருக்கு? எங்கேயிருந்து தபால் எதிர்பார்க்குறீங்க?" என்று மூவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், பொருந்தும் ஆளிடம் காட்டுங்கள்.

பின்கோடையும் பாருங்கள். ஏர்வாடி என்றால் இங்கே தர்கா ஏர்வாடி. திருநெல்வேலி மாவட்டத்திலும் ஒரு ஏர்வாடி இருக்கிறது. 623இல் தொடங்கினால் நம் மாவட்டம், 627 என்றால் திருநெல்வேலிப் பக்கம். தவறி வந்ததை அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். "நாளைக்குப் பாக்கலாம்" என்று அலமாரியில் வைத்தால் அது பொங்கல் வரை அங்கேயே இருக்கும்.

காலையில் பை பிரித்ததும் பி.ஓ. ஸ்லிப்பில் (பையோடு வரும் பட்டியலில்) உள்ள எண்ணிக்கையோடு ஒவ்வொன்றையும் சரிபார்த்து, அதன்பிறகே அடுக்க ஆரம்பிக்க வேண்டும். குறைந்தாலோ உறை கிழிந்திருந்தாலோ அப்போதே பி.பி.எம். முன்னால் எழுத வேண்டும். பீட் முடித்து வந்து சொன்னால் நீங்கள் தொலைத்ததாகத்தான் கணக்கு. அடுக்குவது பீட் வரிசையில், முதல் வீடு மேலே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடையும் மழையும் வரும். தெருவுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, எல்லாம் சேர்த்து ஒரு பெரிய உறை என்று இரட்டையாகப் போடுங்கள். எழுத பால்பாயின்ட் பேனா போதும், ஜெல் மை ஒரு துளியில் கரையும். வெயில் காலத்தில் வேறு பிரச்சினை: ஸ்பீடு போஸ்ட் வில்லையிலும் ரசீதிலும் உள்ளது வெப்பத்தாள். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இன்ஜின் சூட்டில் வைத்தால் கறுத்துப்போய் பார்கோடு படிக்காது. தேங்காயெண்ணெய்க் கை பட்டாலும் அழியும். தோள்பையிலேயே வையுங்கள்.

பாட்டிமார்களின் ரேகைக்கு வருகிறேன். பாசி எடுப்பவர்களுக்குப் பாறையும் உப்பும் விரல் நுனியைத் தேய்த்துவிடும். வலை இழுப்பவருக்குக் கயிறு. சாயல்குடிப் பக்கம் பனையேறிகளுக்கு மரம். கருவியில் குறை இல்லை, அவர்களிடமும் இல்லை. கடலிலிருந்து வந்த கையோடு பிடிக்க வேண்டாம். ஊறிச் சுருங்கிய விரலில் கோடு வராது. நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, நிழலில் கொஞ்ச நேரம் உட்காரட்டும். தோல் வறண்டு வெடித்திருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் தேய்த்து, துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியை ஒவ்வொருவருக்குப் பிறகும் உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். முன்னவர் ரேகை ஒட்டியிருந்தால் பின்னவருடையது குழம்பும். நேர் வெயில் கண்ணாடியில் விழக் கூடாது, திண்ணையின் உள்பக்கம் உட்காருங்கள். அழுத்திப் பிடித்தால் கோடுகள் நசுங்கும். தட்டையாக, இலேசாக வைத்தால் போதும். வலது ஆள்காட்டி விரலையே பத்துத் தடவை வைப்பதைவிட இடது கை மோதிர விரலை ஒரு தடவை வைத்துப் பார்ப்பது மேல், அதிகம் தேயாத விரல் அது. எந்த விரல் விழுந்தது என்று நோட்டில் அந்த வீட்டுப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை தோற்றால் நிறுத்திவிட்டு முக அடையாளம் மூலம் முயலுங்கள். எதிலும் வராதவரை ஆதார் மையத்துக்கு அனுப்பி ரேகையைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். அதுவரை அவர் வங்கிக் கிளைக்குப் பாஸ்புக்கோடு போய்த்தான் பணம் எடுக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "நாளைக்கு வாங்க பாட்டி" என்று இழுப்பதால்தான் திட்டு விழுகிறது.

ரேகை விழுந்தும் "இருப்பு இல்லை" என்று வருவதற்கு வேறு காரணம். நூறுநாள் வேலைக்கு ஒரு கணக்கு, தடைக்கால நிவாரணத்துக்கு ஒரு கணக்கு, மகளிர் குழுவுக்கு ஒன்று என்று ஒருவருக்கே மூன்று வங்கியில் கணக்கு இருக்கும். அரசுப் பணம் ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்கில் விழும். பாட்டி சொல்வது முதலில் தொடங்கிய வங்கியின் பெயர். வங்கிப் பெயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பாதிக்குப் பாதி சண்டை இதில் தீரும்.

கருவி சுற்றிக்கொண்டே இருந்து நடுவில் நின்றுவிட்டால், வெற்றிச் செய்தி வராமல் ஒரு ரூபாய்கூடக் கையில் கொடுக்காதீர்கள். உடனே மறுபடி முயலவும் வேண்டாம். முதலில் சிறு கணக்கு அறிக்கை (மினி ஸ்டேட்மென்ட்) எடுத்துப் பாருங்கள். கணக்கில் கழிந்திருந்தால் ஐந்து நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி ஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. இதை எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் பேரன் கேட்டு வருவான்.

பணம் புழங்கும் வேலை என்பதால் இன்னும் ஒன்று. அஞ்சலகப் பணமும் உங்கள் பணமும் ஒரே பையில் இருக்கக் கூடாது. சி.ஓ.டி. பார்சலுக்கு (பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் பார்சல்) வாங்கியதை அன்றைக்கே கணக்கில் சேர்த்துவிடுங்கள். "நாளைக்குக் கட்டிருவேன்" என்று ஒரு இரவு வைத்திருந்தால்கூடத் துறை அதைத் தற்காலிகக் கையாடல் என்றுதான் அழைக்கும், திருப்பிக் கட்டியதால் குற்றம் போகாது. சேமிப்புக் கணக்கில் போடச் சொல்லிப் பெண்கள் பணமும் பாஸ்புக்கும் நீட்டுவார்கள். கருவி ரசீது கொடுக்காமல் வாங்கவே வாங்காதீர்கள். பாஸ்புக்கை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பஞ்சருக்குக் காரணம் சீமைக் கருவேல முள். வீடு திரும்பியதும் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, குத்தி நிற்பதைக் குறடால் பிடுங்குங்கள். முள் முதல்நாள் டயரில்தான் நிற்கும், ஓட ஓடத்தான் டியூபைத் தொடும். டியூப் டயர் என்றால் காற்று இறங்கியதும் தள்ளிக்கொண்டே போங்கள், ஓட்டினால் வால்வு அடியில் கிழிந்து டியூபே போய்விடும். டியூப்லெஸ் என்றால் நேர்மாறு, பட்டறை போகும்வரை முள்ளைப் பிடுங்க வேண்டாம். துருவுக்கு வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, பிரேக் கம்பிக்கும் ஸ்டாண்டுக்கும் எண்ணெய் விடுங்கள். கரையோர போர் தண்ணீர் உப்பு, அதில் கழுவுவதும் கழுவாமல் விடுவதும் ஒன்று.

நிலைப்பீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு மாதத்தில் திரும்பி வரும் தபாலை எண்ணிப் பார்த்தீர்களே, பலர் அதைச் செய்வதில்லை. சம்பளத்தைப் பொறுத்தவரை ஏ.பி.பி.எம். படித்தொகை அட்டவணை 10,000 ரூபாயில் தொடங்குகிறது. இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தக் கூடாது என்றே துறை விதியும் எதிர்பார்க்கிறது. மீதி நேரத்தில் தையலோ டியூஷனோ எடுப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. துறைத் தேர்வு எழுதி முழுநேரப் போஸ்ட்மேன் பணிக்குப் போகும் வழியும் இருக்கிறது. அறிவிப்பு வரும் காலத்தை பி.பி.எம்.மிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

அடுத்த முறை ஓவர்சியர் வரும்போது, எந்தத் தெருவை எந்த நாளில் கடைசிக்குத் தள்ள வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஒரு மாதத்தில் எந்தத் தெருவிலிருந்து எத்தனை திரும்பி வந்தது என்ற கணக்கையும் கீழே போட்டு, இரண்டு பிரதியாகக் கொடுங்கள். உங்கள் பிரதியில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.